சேலம் ரயில் கூரையில் ஓட்டை: ஊர் சொல்லும் கொள்ளையும் சட்டம் சொல்லும் கொள்ளையும்

பூட்டிக் கிடந்த வீட்டில் நகை போனால் மறுநாள் பேப்பரில் "40 பவுன் கொள்ளை" என்று வருகிறது. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் கொள்ளைதான், ஏ.டி.எம்.மை கேஸ் கட்டரில் அறுத்தாலும் கொள்ளைதான். ஆனால் ஸ்டேஷனில் கொடுக்கும் எஃப்.ஐ.ஆர். நகலைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருக்கும் பிரிவு வேறு, அதற்கான தண்டனையும் வேறு. உடனே "இவ்வளவு பெரிய கொள்ளைக்கு வெறும் திருட்டு கேஸா, போலீஸை விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலான நேரம் யாரையும் யாரும் வாங்கவில்லை. தலைப்பு எழுதுகிறவரின் கணக்கு ஒன்று, சட்டத்தின் கணக்கு இன்னொன்று.

இதை விளக்க சேலத்துக்காரர்களுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் சேலம்–எழும்பூர் எக்ஸ்பிரஸ் கூரையை அறுத்து ரிசர்வ் வங்கிக்குப் போன பணத்தை எடுத்தார்களே, அதுதான். அதை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்: எது திருட்டு எது கொள்ளை, எடுத்ததை வைத்துக்கொள்வது ஏன் எடுப்பதைவிடக் கஷ்டம், சினிமா இதில் எந்தப் பாதியைக் காட்டாமல் விடுகிறது. அந்த விடுபட்ட பாதியில்தான் குற்றத்தின் உண்மையான கதை இருக்கிறது என்பது என் கட்சி.

## முதலில் அடிப்படை

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறியிருக்கின்றன, சில புதுப் பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன, மற்றபடி வரையறைகள் பெரும்பாலும் பழையவைதான்.

1. திருட்டு, பிரிவு 303. ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு நகர்த்துவது. "வசம்" என்பதைக் கவனியுங்கள். பொருள் அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, அவர் கையில் இருந்தால் போதும். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை. வீட்டுக்குள், வாகனத்தில், வழிபாட்டு இடத்தில் என்றால் பிரிவு 305, 7 ஆண்டு வரை.

2. பறிப்பு, பிரிவு 304. இது புதுசு. திடீரென்று, வேகமாக அல்லது பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, செயின் பறிப்புதான் இதற்கு நேர் உதாரணம். முன்பெல்லாம் இதற்குத் திருட்டு போடுவதா, வழிப்பறி போடுவதா என்று ஒவ்வொரு கேஸிலும் இழுபறி நடக்கும். இப்போது தனிப் பிரிவு இருக்கிறது, 3 ஆண்டு வரை.

3. வழிப்பறி, பிரிவு 309. ஆங்கிலப் படங்களில் ராபரி என்று சொல்வது இதைத்தான். பெயரில் வழி இருந்தாலும் ரோட்டில்தான் நடக்க வேண்டும் என்று இல்லை, வீட்டுக்குள் நடந்தாலும் இதே பிரிவுதான். திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடியதைத் தூக்கிக்கொண்டு போகும்போதோ யாரையாவது அடித்தால், கட்டிப்போட்டால், வழிமறித்தால், அல்லது அந்த நிமிடமே அப்படிச் செய்துவிடுவேன் என்று பயமுறுத்தினால் திருட்டு வழிப்பறியாகிவிடும். 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. காயம் ஏற்படுத்தினால் ஆயுள்வரை போகலாம்.

4. கூட்டுக்கொள்ளை, பிரிவு 310. அதே வழிப்பறியை 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்வது. ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. அதில் கொலையும் நடந்தால் தூக்குவரை.

இந்த நான்காவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கூட்டுக்கொள்ளைக்குத் தயாராவதும் குற்றம், அதற்காகக் கூடுவதும் குற்றம், ஒன்றும் எடுக்காவிட்டாலும்கூட. "கொள்ளையடிக்கத் திட்டமிட்டு ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த 5 பேர் கைது" என்று வாராவாரம் ஏதாவது ஊரிலிருந்து செய்தி வருகிறதே, எப்போதும் ஏன் 5 பேர் என்று யோசித்திருக்கிறீர்களா? 4 பேர் என்றால் அந்தப் பிரிவே நிற்காது. ஐந்தாவது ஆள் உண்மையிலேயே அங்கே இருந்தாரா என்பதைத்தான் தற்காப்பு வக்கீல் முதலில் தோண்டுவார்.

ஆக, சட்டம் பார்ப்பது தொகையை இல்லை. ஆள் மீது பலாத்காரம் இருந்ததா, அல்லது அதற்கான பயம் இருந்ததா என்பதைத்தான். 500 ரூபாய்க்குக் கத்தியைக் காட்டினால் வழிப்பறி. 5 கோடியைச் சத்தமில்லாமல் எடுத்தால் திருட்டு.

## சேலம் ரயிலில் நடந்தது என்ன

2016 ஆகஸ்ட் 8 இரவு 9 மணி வாக்கில் ரயில் சேலத்தை விட்டுக் கிளம்பியது. ஒரு பெட்டியில் 226 மரப்பெட்டிகள், உள்ளே மொத்தம் 342 கோடி ரூபாய். புது நோட்டு இல்லை, புழங்கி அழுக்கேறிப்போய், வங்கிகள் ரிசர்வ் வங்கிக்குத் திருப்பி அனுப்பிய பழைய நோட்டுகள். பணம் இருந்த ரயில்பெட்டி பூட்டி சீல் வைக்கப்பட்டிருந்தது, ஆயுதப் போலீஸ் வேறு பெட்டியில் வந்தார்கள். விடிகாலையில் ரயில் எழும்பூர் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பெட்டியைத் திறந்தபோதுதான் உள்ளே வெளிச்சம் விழுவதைப் பார்த்தார்கள். கூரைத் தகட்டில் ஒரு ஆள் இறங்கும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை. சில மரப்பெட்டிகள் உடைந்து கிடந்தன. கணக்குப் பார்த்ததில் போனது 5 கோடியே 78 லட்சம். மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

எங்கே நடந்திருக்கும் என்ற கேள்விக்கு மேலே போகும் கம்பியே பதில் சொன்னது. விருத்தாசலத்திலிருந்து எழும்பூர்வரை மின்பாதை, தலைக்கு மேல் 25,000 வோல்ட். அந்தக் கம்பிக்குக் கீழே ஓடும் ரயில் கூரையில் ஏறி உட்கார்ந்து தகடு அறுப்பது தற்கொலை. சேலத்திலிருந்து விருத்தாசலம்வரை அப்போது டீசல் என்ஜின்தான், மேலே கம்பி கிடையாது. அதனால் சின்னசேலம், விருத்தாசலம் வட்டாரத்தில்தான் வேலை நடந்திருக்க வேண்டும் என்று விசாரணை குறுகியது. இப்போது அந்தப் பாதையும் மின்மயமாகிவிட்டது, அதே வேலையை அதே இடத்தில் இன்று செய்ய முடியாது.

வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பாதையோர செல்போன் கோபுரங்களில் பதிவான எண்களைச் சலித்துச் சலித்து, மத்தியப் பிரதேசத்து எண்கள் சில ஒன்றாக நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாசாவின் செயற்கைக்கோள் படங்களும் வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 2018 அக்டோபரில்தான் முதல் கைது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது மேலே சொன்ன படிகளை இதற்கு வைத்துப் பாருங்கள். ஆள் எண்ணிக்கை 5-ஐத் தாண்டுகிறது. தொகை பெரிது, இரவு நேரம், திட்டம் போட்டு நடந்தது. ஆனால் யார் மேலும் கை வைக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை, காவலுக்கு வந்த போலீஸுக்கே எழும்பூர் போகும்வரை தெரியாது. வழிப்பறிக்கான அடிப்படை அம்சமே இல்லை. வழிப்பறி இல்லாவிட்டால் 5 பேர் என்ன, 50 பேர் சேர்ந்தாலும் கூட்டுக்கொள்ளை ஆகாது. வரையறைப்படி இது உடைத்துப் புகுந்து செய்த திருட்டு. ஊர் இன்னமும் ரயில் கொள்ளை என்றுதான் சொல்கிறது, சொல்லிக்கொள்ளட்டும், ஊர்ப்பேச்சுக்குப் பிரிவு எண் தேவையில்லை.

கூரையிலிருந்து இறங்கும்போது ஒரு காவலர் பார்த்துவிட்டார், அவரைத் தள்ளிவிட்டு மூட்டையோடு ஓடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தள்ளலில் திருட்டு வழிப்பறியாகி, கூட இருந்தவர்கள் 5 பேர் என்பதால் அதே நொடியில் கூட்டுக்கொள்ளையாகவும் ஆகி, தண்டனை ஆயுள்வரை ஏறியிருக்கும். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, தப்பித்தால் போதும் என்று தள்ளியிருந்தால் அது வேறு குற்றம், வழிப்பறி ஆகாது. பலாத்காரம் அந்தப் பொருளுக்காக நடந்ததா, தப்பிப்பதற்காக மட்டும் நடந்ததா என்று நீதிமன்றங்கள் மணிக்கணக்கில் விவாதிப்பது இதனால்தான்.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை அறுத்த கும்பல், காரையும் பணத்தையும் கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு வந்து நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் பக்கத்தில் போலீஸிடம் மாட்டியது. நடந்த மோதலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆள் இல்லாத இயந்திரத்தை அறுப்பது திருட்டு. ஆனால் எடுத்த பணம் இன்னும் லாரிக்குள் இருக்கும்போது போலீஸைத் தாக்கினால் அந்தத் திருட்டு எங்கே முடிகிறது, அடுத்த குற்றம் எங்கே தொடங்குகிறது? சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு நல்ல கேள்வி.

## அதே தேதியில் இங்கிலாந்தில்

ரயில் பணம் என்றதும் உலகம் முழுக்கச் சொல்வது 1963 இங்கிலாந்து சம்பவத்தைத்தான். அதுவும் ஆகஸ்ட் 8. நம் ரயில் கிளம்பியதற்குச் சரியாக 53 வருஷம் முன்னால், தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வந்த தபால் ரயில், பக்கிங்காம்ஷயர் கிராமப்புறம். பச்சை சிக்னல் விளக்கைக் கையுறையால் மூடிவிட்டு, சிவப்பு விளக்கைப் பேட்டரி வைத்து எரியவிட்டார்கள், ரயில் நின்றது. 26 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

அங்கே ரயில் டிரைவரின் தலையில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அந்த அடிதான் அதை வழிப்பறி ஆக்கியது. அந்த மனிதர் அதன்பின் பழையபடி வேலைக்குத் திரும்ப முடியவில்லை. முக்கியமான பலருக்கு 30 வருஷம் சிறை. இன்றுவரை அந்தச் சம்பவத்தை ஒரு சாகசம்போல ரசித்துப் பேசுகிறவர்கள் அந்த டிரைவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு உறுத்தும் விஷயம்.

மாட்டியது எப்படி? ஒளிந்திருந்த பண்ணை வீட்டில் விட்டுப்போன கைரேகையால். பொழுதுபோக்குக்கு வைத்திருந்த மோனோபோலி விளையாட்டுப் பெட்டிமேல்கூட ரேகை இருந்தது. அவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்டவர்கள் எடுத்தபின் எங்கே தங்குவது, எப்படிக் கலைவது என்பதில் கோட்டை விட்டார்கள்.

## பிரிவு மாறினால் நமக்கு என்ன

குற்றவாளிக்கு எத்தனை வருஷம் என்பது மட்டும் இல்லை, பறிகொடுத்தவர் பையிலும் இது கை வைக்கும்.

இன்சூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு எடுக்கும் பாலிசிகளில் "பூட்டை உடைத்தோ பலவந்தமாகவோ உள்ளே நுழைந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். சாவி போட்டுத் திறந்து எடுத்திருந்தால் திருட்டு கேஸ் நிற்கும், ஆனால் பாலிசிப் பணம் வராது. 2004-ல் உச்ச நீதிமன்றமே பாலிசியில் உள்ள வரையறைப்படிதான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவர்கள் பாலிசித் தாளில் பிரீமியம் தொகையை மட்டும் பார்க்காமல் இந்த வரியையும் படித்துவிடுவது நல்லது.

வங்கி லாக்கருக்கும் கணக்கு உண்டு. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கன்னக்களவு, வழிப்பறி, கூட்டுக்கொள்ளை, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கி தர வேண்டியது ஆண்டு வாடகையின் 100 மடங்குவரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம். உள்ளே 50 பவுன் வைத்திருந்தாலும் அதேதான்.

## எடுத்த பிறகுதான் பாடு

சரி, பொருள் கையில் வந்துவிட்டது. இனி அதைச் செலவழிக்கக்கூடியதாக மாற்ற வேண்டும். இந்த இடத்தில் ரொக்கம், தங்கம், வெள்ளி மூன்றுக்கும் மூன்று தலையெழுத்து.

ரொக்கம் சுலபம் என்று தோன்றும். சேலம் ரயிலில் போனது பழைய நோட்டு, எண் வரிசையாக இருக்காது, அதனால் எண்ணை வைத்துத் தேட முடியாது. திருடுகிறவருக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது. ஆனால் ரயில் கிளம்பி சரியாக மூன்று மாதம், 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் டிவியில் அறிவித்தார். மாற்ற வேண்டும் என்றால் வங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் 4,000 ரூபாய்வரைதான். கணக்கில் போட்டால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். டிசம்பர் 30-ல் அந்த வாசலும் மூடியது. கைதானவர்கள் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டார்கள், மிச்சம் பணமதிப்பிழப்பில் வீணாகப் போனது என்றுதான் விசாரணைத் தரப்பிலிருந்து தகவல் வந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கூரையில் ஏறி எடுத்ததை ஒரு டிவி அறிவிப்பு கொண்டுபோய்விட்டது. இதை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் "நம்பும்படி இல்லை, மாற்றுங்கள்" என்றிருப்பார்கள்.

தங்கம் வேறு கதை. செல்லாமல் போகாது, விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் நகைக்கு முகம் உண்டு. டிசைன் உண்டு, கடை முத்திரை உண்டு, இப்போது கடையில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் உண்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. அந்த முகத்தை அழிக்க ஒரே வழி உருக்குவது. தங்கம் 1,064 டிகிரியில் உருகும். அதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டாம், ஒரு மூசை, கொஞ்சம் வெண்காரம், கேஸ் டார்ச் போதும். கால் மணி நேரத்தில் அம்மா போட்டிருந்த அட்டிகை ஒரு மஞ்சள் கட்டி. கல் பதித்தது கழன்று போகும், செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு, அதற்கு மேல் திருட்டு நகை என்று தெரிந்து வாங்குகிறவர் அடித்துக் கேட்கும் விலை. பறிகொடுத்தவருக்கு நஷ்டம் முழு விலை, எடுத்தவருக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான்.

வெள்ளியில் சேலத்துக்குத் தனி அனுபவம் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை. கட்டி வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோர்த்து, பற்ற வைத்து, மெருகு போட்டு ஒரு ஜோடி கொலுசு ஆவதற்குள் அது பல கை மாறுகிறது, பல வீடு மாறுகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் எடை போடுகிறார்கள், டச் (வெள்ளியின் தரம்) பார்க்கிறார்கள். சரக்கு நடமாடிக்கொண்டே இருக்கும் தொழில் என்பதால் நடமாட்டம்தான் இதன் பலவீனமும். திருடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் வெள்ளி தொல்லை பிடித்த பொருள். அதே மதிப்புக்குத் தங்கத்தைவிடப் பல மடங்கு எடை. 962 டிகிரியில் உருகிவிடும்தான், ஆனால் 30 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, விற்கப் போனால் அவ்வளவு மொத்தமாக வாங்கும் ஆட்கள் தொழிலுக்குள்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் சரக்கு காணாமல் போனது என்பது பேப்பரில் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

## ரிசீவர் என்கிற ஆள்

போலீஸ் பேச்சில் திருட்டுப் பொருள் வாங்குகிறவருக்கு ரிசீவர் என்று பெயர். இவர் இல்லாவிட்டால் பொருள் பணமாகாது. சட்டமும் இவரை விடுவதில்லை. பிரிவு 317-ன்படி திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 3 ஆண்டு வரை. இதையே வழக்கமான தொழிலாக வைத்திருந்தாலோ, பொருள் கூட்டுக்கொள்ளையில் வந்தது என்று தெரிந்து வாங்கினாலோ, ஆயுள்வரை.

பல வழக்குகள் நிற்பதும் பொருள் கிடைத்த இடத்தை வைத்துத்தான். திருட்டு நடந்த கொஞ்ச காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், ஒன்று அவர்தான் திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். "ஊகிக்கலாம்" என்பதுதான், ஊகித்தே ஆக வேண்டும் என்று இல்லை. மறுக்க வாய்ப்புத் தர வேண்டும், அதற்கு முன் கைப்பற்றியது அதே பொருள்தான் என்று அடையாளம் காட்ட வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு மதுரையில் நடந்தது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது, பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது, ஆள் போனபின் தெரிந்து என்ன பிரயோஜனம்.

## சினிமா எங்கே கேமராவை நிறுத்துகிறது

கதை சொல்லும் படங்கள் தலையெடுத்த காலத்திலேயே வந்துவிட்டது ரயில் கொள்ளை. 1903-ல் எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' என்ற அமெரிக்கப் படம் அது, சுமார் 12 நிமிடம். கொள்ளைக்காரன் கேமராவைப் பார்த்துச் சுடும் காட்சிக்காக இன்றும் பேசப்படுகிறது.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏற்காடு சாலையில் இப்போது நுழைவு வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்துதான் 1956-ல் டி.ஆர்.சுந்தரம் இயக்கிய அலிபாபாவும் 40 திருடர்களும் வந்தது. தமிழில் முழுநீள வண்ணப்படம் அதுதான் முதல். எம்.ஜி.ஆர்., பானுமதி, அண்டா குகை, 40 திருடர்கள். முதல் வண்ணத்தைத் திருடர்களுக்குத்தான் பூசினார்கள், அவ்வளவு பிடித்த விஷயம் நமக்கு. அதன்பின்னும் அந்த ஸ்டூடியோ துப்பறியும் கதை, துப்பாக்கிக் கதை என்று எடுத்துத் தள்ளியது.

அலிபாபாவைச் சட்டப்படி பாருங்கள். குகையில் இருப்பது திருடர்களின் வசம் உள்ள பொருள். அதை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் திருட்டுதான். திருட்டுப் பொருளைத் திருடினாலும் திருட்டுதான், "அவனே திருடன்" என்பது தற்காப்பு ஆகாது. ஆக நாற்பது இல்லை, நாற்பத்தொன்று.

ஆனால் அந்தப் பழைய கதையை எழுதியவர் இன்றைய திரைக்கதை எழுத்தாளர்களைவிட விவரமானவர். மூலக்கதையில் அலிபாபா எடுப்பது ஒரு பக்கம், அளப்பதில்தான் மாட்டுகிறான். தங்கத்தை அளக்க அண்ணன் வீட்டில் படி கடன் வாங்குகிறார்கள், அண்ணி சந்தேகப்பட்டு அடியில் மெழுகு தடவி அனுப்புகிறாள், ஒரு காசு ஒட்டிக்கொண்டு வருகிறது. எடுத்ததை எண்ணும்போதும் மாற்றும்போதும் செலவழிக்கும்போதும் வேறு ஒருவரின் பாத்திரம், கடை, கணக்கு வேண்டியிருக்கிறது, அங்கே ஒட்டிக்கொள்ளும் ஒரு காசுதான் காட்டிக்கொடுக்கிறது. செல்போன் கோபுரத்தில் பதிவாகும் எண்ணும் கிட்டத்தட்ட அந்தக் காசு மாதிரிதான்.

இன்றைய கொள்ளைப் படங்களில் நான் பார்க்கும் குறைகள் இவை:

1. ஆள் சேர்ப்பதற்கும் வரைபடம் விரிப்பதற்கும் முக்கால் மணி நேரம், எடுப்பதற்கு அரை மணி நேரம், பணத்தை மாற்றுவதற்கு ஒரு பாட்டு. உண்மையில் காலம் அப்படியே தலைகீழ்.

2. ரிசீவர் இருக்க மாட்டார். இருந்தாலும் ஒரே காட்சியில் சூட்கேஸ் மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

3. அடிபடும் வாட்ச்மேன் அடுத்த காட்சியில் இருக்க மாட்டார். சட்டத்தின் கண்ணில் அந்த வாட்ச்மேன் மேல் விழுந்த அடிதான் 3 ஆண்டை 10 ஆண்டாக மாற்றுகிறது, படத்தில் அதற்கு இரண்டு நொடி.

இதற்கு விலக்காகச் சொல்ல வேண்டியது 2017-ல் வந்த தீரன் அதிகாரம் ஒன்று. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் புகுந்து ஆளையும் கொன்று நகை எடுத்த கும்பலைத் தமிழ்நாட்டுப் போலீஸ் வடக்கே தேடிப் போன உண்மை வழக்குகளை வைத்து எடுத்தது. போலீஸ் வட்டாரத்தில் ஆதாயக் கொலை என்று சொல்வார்களே, அந்த வகை. கைரேகையைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் சலிப்பையும் வண்டி கிடைக்காத, நிதி கிடைக்காத அவஸ்தையையும் அது காட்டியது. காஷ்மீர்–கன்னியாகுமரி சாலையும் கொச்சி சாலையும் உளுந்தூர்ப்பேட்டை சாலையும் சேர்கிற சேலத்தில் அந்தப் பயம் வெறும் திரைப்பயம் இல்லை.

அந்தப் படத்தில் எனக்கு ஒட்டாததும் ஒன்று உண்டு. ஒரு கும்பலைக் காட்டும்போது ஒரு சமூகத்தையே பரம்பரைக் குற்றவாளிகளாக வரைந்துவிடுவது. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் செய்ததும் அதையேதான், பிறந்த சாதியை வைத்துப் பெயரைப் பதிவு செய், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ என்று. அந்தச் சட்டம் 1952-ல் நாடு முழுக்க ஒழிந்தது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தவர்களைச் சீர்மரபினர் என்கிறோம். சட்டம் ஒழிந்தும் செய்தித் தலைப்புகளில் கும்பலின் பெயருக்குப் பதில் சமூகத்தின் பெயர் வருவது நிற்கவில்லை, ரயில் வழக்கிலும் அதுதான் நடந்தது.

இன்னொரு பக்கம் நல்ல கொள்ளைக்காரன். மேட்டூர்ப் பக்கத்து மலைக்கதையான மம்பட்டியானை 1983-ல் படமாக எடுத்தார்கள், ஊரே கொண்டாடியது. இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால் குற்றமா என்று கேட்டால், சட்டம் "நேர்மையற்ற நோக்கம்" என்பதை இப்படித்தான் பார்க்கிறது: தனக்கோ பிறருக்கோ முறையற்ற லாபம், அல்லது ஒருவருக்கு முறையற்ற நஷ்டம். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். எடுத்ததைத் தானமாகக் கொடுத்தாலும் இழந்தவருக்கு நஷ்டம் நஷ்டம்தான். மக்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மைதான். வழிப்பறி செய்த திருமங்கை மன்னனை ஆழ்வாராக்கி, திருவரங்கத்தில் வருஷா வருஷம் அந்த வழிப்பறியையே நடித்துக்காட்டும் வேடுபறி உற்சவம் நடத்துகிற ஊர் நம்முடையது.

## பறிகொடுத்தவர் செய்ய வேண்டியது

எந்தப் பிரிவு போடுவது என்பது போலீஸின் வேலை. நடந்ததை அப்படியே சொல்வது நம் வேலை. தள்ளினானா, கையைப் பிடித்தானா, கத்தியைக் காட்டினானா, கழுத்தில் கீறல் விழுந்ததா என்பதைப் புகாரில் முதல் தடவையே எழுத வேண்டும். அப்புறம் சேர்த்தால் இட்டுக்கட்டியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். கீறல் சின்னது என்றாலும் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் எந்த ஊர் எல்லையில் போனது என்று தெரியாது. பரவாயில்லை, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பயணத்தில் நடந்த குற்றத்தை வழியில் உள்ள எந்தப் பகுதி நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

நகை பில், எடை, ஹால்மார்க் எண், போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண போட்டோ இவை வீட்டில் நகையோடு ஒரே பீரோவில் இருக்கக் கூடாது. அடையாளம் காட்ட வேண்டிய நாளில் அவைதான் உதவும். உருகிய கட்டியாகக் கிடைத்தால் எடையும் தரமும் மட்டும்தான் பேசும், அதற்கும் பில் வேண்டும்.

பொருள் கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை ஸ்டேஷனிலேயே கிடக்கும் என்று பலர் மனசு விட்டுவிடுகிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 497-வது பிரிவுப்படி, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் அதன் விவரத்தைப் பதிவு செய்து போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளில் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் போட்டோவே சாட்சியாக நிற்கும். பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு நகையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், அதற்கு மனுப் போட வேண்டியது நீங்கள்தான், தானாக யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.